நாலு தெருவுக்கும் ஒரே குரல்

சைரன் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனின் ஹாரன் கெட்டுப் பல காலம் ஆகியும் அவள் அதைச் சரி செய்யவில்லை. தேவைப்படவில்லை. காலையில் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வர்றீங்களா, இல்ல நான் கெளம்பட்டுமா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை வாய் நுரையோடு படியிறங்கி ஓடிவரும். பெயர் வைத்தது பிள்ளைகள்தான். பெரியவர்கள் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நகரத்தில் அவர்களுடைய பாஷை பேசுகிறவர்கள் எல்லோரும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் நாலே தெருக்களில் அடங்கிவிடுவார்கள். பிழைக்க வந்த கூட்டம். நகரம் பேசியது வேறு பாஷை. கடையில் பேரம் பேசவும் டிப்போவில் சண்டை போடவும் போதுமான அளவுக்கு அதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நாலு தெருவில் இருப்பதில் ஒரு வசதி உண்டு: யாரும் அநாதை இல்லை. ஒரு தொல்லையும் உண்டு, அதுவும் இதேதான். முதல் தெருவில் தும்மினால் நாலாம் தெருவில் "சளியா?" என்று விசாரிப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் சைரன் ஒரு ரகசியத்தை ஒன்பது வருஷமாகக் காப்பாற்றி வந்தாள். பெரியாஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், வாசலில் வெறும் எண் மட்டும் போட்ட ஓர் அறைக்கு அவள் போய்வந்துகொண்டிருந்தாள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை தரும் அறை அது. அவளுக்கு எப்படி வந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. மஞ்சள் காமாலை வந்தவனிடம் யாரும் வரலாறு கேட்பதில்லை. இதற்கு மட்டும் ஊருக்கே வம்சாவளி வேண்டியிருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை விழுங்குகிறாள், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். தெரிந்தால் வேனில் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்களே என்ற பயம் ஒன்றுதான் அவளுக்கு நோய்.

அந்த அறையில் இருந்த ஆலோசகர் நகரத்துக்காரர். நல்ல மனுஷர். இவர்களுக்காகவே இவர்களுடைய பாஷையைப் போனில் பாடம் கேட்டுக் கற்றுக்கொண்டவர். பாடம் நடத்தியது யாரோ பழைய பண்டிதர் போலிருக்கிறது.

"சகோதரி, தங்களிடம் ஓர் உதவி வேண்டி நிற்கிறேன்," என்றார் ஒரு நாள்.

சைரனுக்குச் சிரிப்பை அடக்க எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். "நிக்க வேணாம் சார், உக்காந்தே சொல்லுங்க."

விஷயம் இதுதான். மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போனில் ஒரு தானியங்கி அழைப்பு போகும். அது நகரத்துப் பாஷையில் போனதால், நாலு தெருக்காரர்கள் ஏதோ கடன் விளம்பரம் என்று வெட்டிவிட்டார்கள். சொந்தப் பாஷையில் ஒரு குரல் கேட்டால் மனசு இளகும். அந்தக் குரலை அவள் கொடுக்க முடியுமா?

முடியுமாவா! வாயை வைத்துப் பிழைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் அன்றைக்கே பேசிக் கொடுத்தாள். "நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ணை அமுக்குங்க. ஏதாவது வேணும்னா ரெண்டை அமுக்குங்க, நாங்க கூப்பிடறோம்." நோயின் பெயர் இல்லை, மாத்திரை என்ற சொல் இல்லை, ஆஸ்பத்திரி என்ற மூச்சே இல்லை. எவர் போனை எவர் எடுத்தாலும் ஒன்றும் புரியாது. ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டு, ஒவ்வொரு ஓட்டையாக யோசித்து அடைத்திருந்தார்கள்.

பெரிய ஓட்டையை விட்டுவிட்டார்கள். நகரத்துக்காரர்களுக்குக் குரல் என்றால் வெறும் குரல். நாலு தெருவில் அப்படி இல்லை. அங்கே யார் இருமினாலும் இன்னார் என்று சொல்வார்கள். சைரனின் குரலோ கேட்கவே வேண்டாம். இது ஆலோசகருக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. சைரனுக்கும் தோன்றவில்லையே, அதுதான் கூத்து. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் குரலும் அப்படித்தான் போலிருக்கிறது.

முதலில் எல்லாம் அமோகமாக நடந்தது. ஒன்றை அமுக்கினார்கள். மாத்திரை வாங்க வராதவர்கள் வந்தார்கள். குரலை அடையாளம் கண்டவர்கள் அதை வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் தைரியம் அடைந்திருக்க வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒருத்தி, மூன்றாம் தெரு மளிகைக்கடைக்காரம்மாவின் மருமகள். வயிற்றில் பிள்ளை. கர்ப்பத்துக்கான பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது. கப்பலில் வேலை பார்க்கும் புருஷனுக்கும் சொல்லிவிட்டாள். அவனும் பரிசோதித்துக்கொண்டு அங்கேயே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான். மாமியாருக்குத்தான் தெரியாது. தெரியவும் கூடாது. காத்திருக்கும் பெஞ்சில் சைரனைப் பார்த்ததும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சைரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, சுவத்துல என்ன படமா ஓடுது? நானும் இதுக்குத்தான் வந்திருக்கேன்."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, சைரனின் கையைப் பிடித்துக்கொண்டு, அழைக்கும்வரை விடவேயில்லை. மாத்திரையைத் தவறாமல் எடுத்தால் குழந்தைக்குத் தொற்றாமல் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. மளிகைக்கடையில் பாட்டுக்காக ஒரு பெரிய ஸ்பீக்கர் உண்டு. மருமகளின் போனைத்தான் அதில் இணைத்திருப்பார்கள். ஒரு நாள் சாயங்காலம், கடை நிறைய ஆட்கள். அவள் சோப்புக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போன் ஒலித்ததும் புருஷனாக்கும் என்று பார்க்காமல் தொட்டுவிட்டாள். பாட்டு நின்றது. அரிசி மூட்டைகள் அதிர, "நல்லா இருக்கீங்களா? நல்லா இருந்தா ஒண்ணை அமுக்குங்க!" என்றது சைரன் குரல்.

கடையே ஒரு கணம் வாசலைப் பார்த்தது, வேன் வந்துவிட்டதோ என்று.

"சைரன் எதுக்கு உனக்குப் போன் பண்ணி நலம் விசாரிக்கிறா?" என்று கேட்டார் மாமியார்.

மருமகள் பதில் தேடுவதற்குள் வாடிக்கைக்காரி ஒருத்தி, "எங்க கொழுந்தன் போன்லயும் இதே குரல்தான் வருது! கேட்டா வாய் தொறக்க மாட்டேங்கறாரு," என்றாள். வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. யார் யார் போனில் சைரன் பேசுகிறாள் என்று நாலு தெருவும் கணக்கெடுக்க ஆரம்பித்தது. யாரோ ஒருவருடைய உறவினர் பெரியாஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தார். அந்த வாசல் எண் எதற்கானது என்பதும் அவர் வழியாக வந்து சேர்ந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த வாரமே ஒன்றை அமுக்குகிறவர்கள் ஏறக்குறைய இல்லாமல் போனார்கள். அழைப்பு வரும் எண்ணை முடக்கினார்கள். மாத்திரை வாங்கவும் வரவில்லை. சைரனைப் பற்றி மட்டும் ஊர் சந்தேகப்படவில்லை. அவள் காசுக்குக் குரல் கொடுத்திருப்பாள் என்று அதுவே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டது. தன்னை மட்டும் விட்டுவிட்டார்களே என்று அவளுக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை, அவமானம்தான் வந்தது.

ஒரு நாள் மளிகைக்கடை வாசலில் சைரன் மருமகளைத் தனியாகப் பிடித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கிசுகிசுக்க வேண்டியிருந்தது. அது அவளுக்குச் சரியாக வரவுமில்லை.

"மாத்திரை சாப்பிடறியா?"

"என்னை விட்டுடுங்க அக்கா. டப்பாவைத் தொடறப்பல்லாம் அத்தை பாக்கற மாதிரியே இருக்கு. பிரசவம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கறேன்."

"அப்புறம் பாக்கற விஷயமாடி இது? குழந்தைக்காகத்தானே?"

"அத்தைக்குத் தெரிஞ்சா என்னைக் கொண்டுபோய் எங்கம்மா வீட்ல விட்டுடுவாங்க. அப்ப குழந்தைக்கு யாரு இருக்கா?" அவள் உள்ளே போய்விட்டாள். ஏழு மாதத்து வயிறு, நடையில் களைப்பு. சைரனுக்கு வண்டியைக் கிளப்பவே மனம் வரவில்லை.

ஆலோசகர் குற்றவுணர்வில் இளைத்துப்போயிருந்தார். "தவறு எம்முடையதே, சகோதரி. இனி இயந்திரக் குரலைப் பயன்படுத்துவோம்," என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார். அது அவரைவிடவும் மோசமாகப் பேசியது.

"இது ஆட்டுக்குட்டி அகராதியை முழுங்கின மாதிரி இருக்கு சார். அதோட, இப்போ குரலை மாத்தினா என்ன ஆகும்? ஊர் சொன்னது நெசம்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்."

"எனில், நிறுத்திவிடுவதா?"

சைரன் யோசித்தாள். யோசிப்பது அவளுக்கு வழக்கமில்லை. வாய்தான் முதலில் போகும், மூளை பின்னால் நடந்து வரும். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. "நிறுத்த வேணாம். எல்லாருக்கும் அனுப்புவோம்," என்று சொன்ன பிறகுதான் தான் சொன்னது எவ்வளவு சரி என்று அவளுக்கே விளங்கியது. "நாலு தெருவுல போன் வச்சிருக்கற அத்தனை பேருக்கும். எல்லார் வீட்லயும் நான் கத்தினா, யார் வீட்ல கத்தினேன்னு எவன் சொல்வான்?"

ஆலோசகரின் மேலதிகாரி, இது சுகாதாரத் திட்டம், வானொலி நிலையம் அல்ல என்றார். ஆலோசகர் தன் பாஷையிலேயே அவரிடம் சண்டை போட்டு ஜெயித்தார். அந்தப் பாஷையில் அவர் நன்றாகவே சண்டை போடுவார் போலிருக்கிறது.

முதலில் வேன் பிள்ளைகளின் பெற்றோரைச் சேர்த்தாள். "நாளைக்கு வேன் வருமா வராதான்னு போன்ல சொல்வேன். வேணுமா, வேணாமா?" யார் வேண்டாம் என்பார்கள்? பிறகு குழாயில் தண்ணீர் எப்போது வரும், டிப்போவில் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், எந்தப் பஸ் தடம் மாறுகிறது என்பதெல்லாம் வந்தது. நகரத்துப் பாஷையில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படிக்கத் தெரியாமல் அலைந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். நடுநடுவே திட்டும் உண்டு. "ரெண்டாம் தெருவுல பச்சை வாசல் வீட்டுக்காரரே, உங்க பையன் வேன்ல தூங்கலை, கொறட்டை விடறான். நேரத்துல படுக்க வைங்க!" கடைசியில் எல்லோருக்கும் அதே கேள்வி. நல்லா இருக்கீங்களா, ஒண்ணா, ரெண்டா? ஒன்றை அமுக்கியது யார் என்பது கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். மாத்திரைக்காரர்களின் ஒன்றும் மற்றவர்களின் ஒன்றும் வெளியே பார்க்க ஒரே ஒன்றுதான்.

ஊர் சைரனைத் தேடிச் சேர ஆரம்பித்தது. தனக்கு வரவில்லை என்று சண்டைக்கே வந்தார்கள். முழங்கால் வலிக்கு ரெண்டை அமுக்கினார்கள், மருமகன் பேசவில்லை என்று ரெண்டை அமுக்கினார்கள். எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டுச் சைரனுக்குத் தொண்டை கட்டியது. எண்ணை முடக்கியவர்களில் பலர் ஓசைப்படாமல் திரும்பி வந்தார்கள். வியாழக்கிழமைதோறும் அவள் நோய்களைப் பற்றிப் பேசினாள். ஒரு வாரம் சர்க்கரை, ஒரு வாரம் காசநோய், ஒரு வாரம் எச்.ஐ.வி. யாருக்கும் கூச்சம் வராதபடி எல்லாவற்றையும் ஒரே அதட்டலில் சொன்னாள். பரிசோதனை இலவசம், ஆணுறையும் இலவசம், வெட்கத்துக்குத்தான் விலை அதிகம் என்றாள்.

ஆனால் மளிகைக்கடை மருமகள் திரும்பவில்லை. சைரனுக்கு மற்ற சந்தோஷமெல்லாம் அதில் அடிபட்டுப் போயிற்று. மாமியார் மட்டும் ஒரு நாள் தவறாமல் ஒன்றை அமுக்கிக்கொண்டிருந்தார். "புருஷன் போன பெறகு என்னை நல்லா இருக்கியான்னு கேட்ட ஒரே ஆள் நீதான்டி, அதுவும் மெஷின்ல," என்று வேன் ஜன்னலில் வந்து சொன்னார். கடைக்காரம்மா கறார்ப் பேர்வழி. அவர் கண் கலங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை சைரன் ஒருத்திக்காகவே பேசினாள். "வயித்துல பிள்ளையோட இருக்கறவங்க கேளுங்க. எச்.ஐ.வி. இருந்தாலும், மாத்திரையை ஒழுங்கா எடுத்தா குழந்தைக்கு வராம பாத்துக்கலாம். நடுவுல நிறுத்திட்டீங்களா? பரவாயில்ல, இன்னிக்கே திரும்பி வாங்க. யாரும் திட்ட மாட்டாங்க. திட்டினா எங்கிட்ட சொல்லுங்க."

மதியம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நிழலில் நிறுத்தியபோது ஆலோசகர் அழைத்தார். "சகோதரி, ஒருவர் இரண்டை அழுத்தியுள்ளார். மளிகைக்கடையின் உரிமையாளர்."

சைரன் உடனே திருப்பிக் கூப்பிட்டாள். "என்னக்கா, முழங்காலா?"

"முழங்காலுக்கு என்ன கேடு." மளிகைக்காரம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "குடோன்ல இருக்கேன். யாருமில்ல. நீ காலையில சொன்னது நெசமா?"

"எது?"

"நிறுத்தினவங்க திரும்பி வரலாம்னியே."

சைரன் வேன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

"பருப்பு டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கா," என்றார் அவர். "என் கடையில எனக்குத் தெரியாம ஒரு சாமான் இருக்க முடியுமா? ஸ்பீக்கர்ல நீ கத்தினியே, அன்னிக்கே தேடிட்டேன். மருந்துக்கடைக்காரங்கிட்ட காட்டினேன், சொன்னான். எடுத்த எடத்துலயே வச்சிட்டேன். தெனமும் பாக்கறேன். அன்னியிலேருந்து டப்பா கொறையவே மாட்டேங்குது. எம்மவன்தான் கொண்டாந்து குடுத்திருப்பான். அவளை நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேக்கறது?"

"யாரு குடுத்தா, யாரு வாங்கினாங்கற பஞ்சாயத்தெல்லாம் வேணாம்க்கா. மாத்திரைதான் முக்கியம்."

"அந்த மாத்திரையை முழுங்கினா நெசமாவே நல்லா இருப்பாளா? உன்ன மாதிரி மைக்குல பேசறவங்க எது வேணா சொல்வீங்க. நல்லா இருக்கற ஒருத்தரையாச்சும் நீ கண்ணால பாத்திருக்கியா?"

எதிர்முனையில் இருப்பது நாலு தெருவுக்குமான செய்தி நிலையம். அந்தம்மாவின் கல்லாப்பெட்டி அருகே சொன்ன ஒரு சொல் பொழுது சாய்வதற்குள் டிப்போவரை போய்விடும். சைரன் காலியான வேனைத் திரும்பிப் பார்த்தாள். சின்னச் சின்ன இருக்கைகள், மறந்துவிட்டுப் போன ஒரு தண்ணீர் பாட்டில். இந்த வண்டிதான் அவளுடைய சோறு.

"தெனமும் பாக்கறேன்க்கா, கண்ணாடியில," என்றாள். "நீங்களும்தான் பாக்கறீங்க. ஒன்பது வருஷமா."

குடோனில் ஒரு டின்னை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நாளைக்குப் பிள்ளைங்களை விட்டுட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போவியா?" என்றது குரல். "வேன்ல ரெண்டு பேருக்கு எடம் இருக்குமா?"

மறுநாள் மாமியாரும் மருமகளும் வேனில் ஏறினார்கள். குழந்தைகளுக்கான இருக்கையில் மாமியார் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். கையில் ஒரு துணிப்பை. மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வீட்டுக்குப் போகும் ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரி ரோட்டில் வண்டி திரும்பியதும், அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பைக்குள்ளிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஸ்பீக்கர் கத்தின அன்னியிலேருந்து."

"ஏன் கேக்கல?"

மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "கேட்டா நீ கோவிச்சுக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிடுவியோன்னு பயந்தேன். நீ போயிட்டா அந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழே, ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள். சைரன் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

எண் போட்ட அறை வாசலில் ஆலோசகர், "நோயாளிக்கு மட்டுமே அனுமதி, அம்மையீர்," என்று மாமியாரை மறித்தார். அந்தம்மா பெஞ்சைத் தேடினார். மருமகள் கதவில் கையை வைத்தபடி நின்றாள்.

"அவங்களும் வரட்டும்," என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. மளிகைக்காரம்மா சைரனின் ரகசியத்தை ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய வாய்க்குள் அவ்வளவு பெரிய பூட்டு இருப்பது யாருக்குத் தெரியும்? ஒரு காலையில் அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி சொன்னார்: "முதல் டெஸ்ட் வந்துடுச்சு. குழந்தைக்கு ஒண்ணும் இல்லையாம். இன்னும் ரெண்டு மூணு டெஸ்ட் எடுக்கணுமாம். ஆனா டாக்டரே சிரிக்கறாரு."

சைரனுக்கு நாலு தெருவும் அதிரக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தக்கூடாத செய்தி. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்து அன்றைய செய்தியைப் பேசினாள். குழாய் ரிப்பேர், ரெண்டு நாளைக்குத் தண்ணீர் வராது, குடங்களை நிரப்பி வையுங்கள். நல்லா இருக்கீங்களா, ஒண்ணா, ரெண்டா? அவ்வளவுதான்.

பள்ளி விடுவதற்கு முன்பே ஆலோசகர் அழைத்தார். "சகோதரி, இன்று எண்ணற்றோர் இரண்டை அழுத்தியுள்ளனர். ஒருவருக்கும் உடல்நலக் குறைவு இல்லை. சைரன் குரலில் இவ்வளவு மகிழ்ச்சி, அவளுக்கு என்ன நற்செய்தி என்று வினவுகின்றனர். யாது கூறட்டும்?"

"தண்ணி வராதுன்னு சொன்னேனே, அந்தச் சந்தோஷம்தான்னு சொல்லுங்க சார்," என்றாள் சைரன். போனை வைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கொஞ்சங்கூடச் சத்தம் வராமல் ஆசை தீர அழுதாள்.